சாவிக்காரரும் எதிர்க்கடைப் பூட்டும்

சாவிக்காரரைக் குடிகாரர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அவர் ஒரு நாளும் தள்ளாடி நான் பார்த்ததில்லை. சாயங்காலம் பூட்டுக் கடையை அடைத்துவிட்டு வருவார். கையில் ஒட்டியிருக்கும் பித்தளைத் தூளைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே ஒரு டம்ளர். அதையும் இருமல் மருந்து மூடியால் அளந்துதான் ஊற்றுவார். ஒரு பாட்டில் காலியாகாமல் இன்னொன்று வாங்க மாட்டார். அப்புறம் நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார். சாப்பிட எழுப்ப வேண்டுமென்றால் அவர் மனைவி காதோரம் வந்து தட்டில் கரண்டியால் அடிக்க வேண்டும். அவர்கள் முதல் மாடி; அதற்கு மேல் வீட்டில் இருக்கும் எனக்கு அந்தச் சத்தம்தான் கடிகாரம்.

இப்படியே பல வருஷம் ஓடியது. யாருக்கும் தொந்தரவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மகளுக்கு அடுத்த மாதத்திலிருந்து சாயங்கால டியூட்டி போட்டார்கள். வந்தது வினை.

பேத்தியை இனி தன்னிடம்தான் விடுவாள் என்று சாவிக்காரர் தலைகால் புரியாமல் இருந்தார். மகள் வந்து, "பாப்பாவை என் மாமியார் வீட்டுல விடப்போறேன்ப்பா" என்றாள்.

"ஏன், நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

"அம்மாவுக்கு முட்டி வலி, இவ பின்னாடி ஓட முடியாது. நீங்க தூங்கிடுவீங்க. இவ பால்கனிக் கம்பியில ஏறுவா."

"ஒரு டம்ளர்தானேம்மா! ஒரே டம்ளர்!"

"ஒண்ணுதான்ப்பா. நான் இல்லைன்னு சொல்லலையே."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். தன்மையாகச் சொன்னதுதான் அவரைத் தைத்துவிட்டது. "டியூட்டி ஆரம்பிக்கறதுக்குள்ள அந்த டம்ளரை விட்டுடறேன். நீயே வந்து பாரு" என்றார்.

மறுநாள் பாட்டிலை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னார். அவள் மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் பெட்டி திறந்து கிடந்தது. அவர் கையில் கொண்டை ஊசி.

"நான் திறக்கலடி. கை தானா போயிடுச்சு."

"நீங்க தொட்டா திறக்கறதுக்கு அது பூட்டா, பவுடர் டப்பாவா?"

தன் கடையிலிருந்தே பெரிய பூட்டாகக் கொண்டுவந்தார். தான் செய்த பூட்டு தனக்குத் தெரியாதா? அதுவும் செல்ல நாய்க்குட்டி மாதிரி அவரைப் பார்த்ததும் வாயைத் திறந்தது.

"பேசாம கொட்டித் தொலைங்களேன்."

"கொட்டினா காலியாயிடும். காலியாயிட்டா புதுசு வாங்கக் கால் தானா கடைக்குப் போகும். உள்ள ஒண்ணு இருக்கணும், ஆனா கைக்கு எட்டக் கூடாது."

அவள் தலையில் அடித்துக்கொண்டு நேராக எதிர்க்கடைக்குப் போனாள். அதுவும் பூட்டுக் கடைதான். அந்தக் கடைக்காரருக்கு மீசை பெரிது. சாவிக்காரர் பூட்டு தும்மினாலே திறந்துகொள்ளும் என்று அவர் யாரிடமோ சொல்லப்போய், இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. விஷயத்தைக் கேட்டு மீசைக்காரர் சிரிக்கவில்லை. உள்ளே போய், தானே செய்த பூட்டு ஒன்றை எடுத்துவந்தார். "பூட்டை மட்டும் கொண்டுபோங்கம்மா. சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

அந்தப் பூட்டு திறக்கவில்லை.

அன்றிலிருந்து சாவிக்காரர் வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். வளைந்த கம்பியை விட்டு, காதைப் பூட்டோடு ஒட்டிவைத்துக்கொள்வார். உள்ளே பூட்டைப் பிடித்துவைத்திருக்கும் ஒவ்வொரு முள்ளும் விலகும் சத்தத்தைக் கேட்டுத்தான் திறக்க வேண்டுமாம். "குக்கரை இறக்குடி, காது கேக்கல!" என்று கத்துவார். தொண்டை காய்ந்தால் தண்ணீர். தூக்கம் போன இடம் தெரியவில்லை. தட்டுச் சத்தம் நின்றுபோனதில் எனக்குத்தான் நேரம் தெரியாமல் போயிற்று.

நான் சாமி கும்பிடும்போது, அந்தப் பூட்டு திறக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரு மனுஷன் தன் தொழிலில் தோற்க வேண்டும் என்று கேட்கலாமா என்று மனசு உறுத்தியது. அதனால், "மெதுவாகத் திறக்கட்டும் சாமி" என்று மாற்றிக்கொண்டேன்.

"உள்ள என்ன இருக்குன்னாவது ஞாபகம் இருக்கா?" என்று ஒரு நாள் மனைவி கேட்டாள்.

"என்னமோ இருந்துட்டுப் போகட்டும். அந்த மீசை என்னை ஜெயிக்கறதா?"

டியூட்டி ஆரம்பிப்பதற்கு முந்தின சாயங்காலம் மகள் குழந்தையோடு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். சாவிக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பூட்டோடு பூட்டாக இருந்தார், திரும்பவே இல்லை. மகள் முகம் வாடிவிட்டது.

"குடிக்கலைதான்ப்பா, சந்தோஷம். ஆனா கண்ணு பூரா அது மேல இருக்கே. பிள்ளையை யார் பாக்கறது?"

"ஸ்ஸ்! கடைசி முள்ளு!"

"பாத்தியாம்மா? நான் மாமியார்கிட்டயே விட்டுக்கறேன்."

மனைவி சமாதானம் சொன்னாள். நானும் என் பங்குக்கு ஏதோ சொன்னேன். பேச்சு வளர்ந்தது. திடீரென்று சாவிக்காரர் கம்பியை வீசி எறிந்துவிட்டுப் பால்கனிக்கு ஓடினார். பின்னாலேயே ஓடிப் பார்த்தால், குழந்தை பிளாஸ்டிக் நாற்காலியைக் கம்பியோரம் இழுத்துப் போட்டு அதன் மேல் ஒரு காலை வைத்திருந்தது. அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"எப்படிப்பா தெரிஞ்சுது?" என்று மகள் கேட்டாள்.

"நாற்காலி தரையில உரசின சத்தம் கேட்டுதே. காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்கறவனுக்கு அது கேக்காதா? கண்ணு இருக்கற நீங்க மூணு பேரும் வம்பு பேசிட்டு இருந்தீங்க."

சொல்லிக்கொண்டே பூட்டைப் பார்த்தார். கம்பியை உருவியதில், விலகியிருந்த முள்ளெல்லாம் பழையபடி விழுந்து, பூட்டு இறுகிக் கிடந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"கடைசி முள்ளுடி... இன்னும் ஒரு மயிரிழை..." என்று மனைவியிடம் முறையிட்டார். தோளில் இருந்த குழந்தை அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

மகள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, குழந்தையின் மாற்றுத்துணிப் பையைப் பெட்டி மேல் வைத்தாள்.

"நாளைக்கு டியூட்டிக்குப் போறப்போ கொண்டுவந்து விடறேன்ப்பா."

"கொண்டா. இப்போ போறப்போ அந்த நாற்காலியை எடுத்துட்டுப் போ."