இரவல் காப்பு

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு என் மகளின் வலது கையில் அந்த வெள்ளிக் காப்பை நானே போட்டுவிட்டேன். நேரம் திட்டமாகத் தெரியும். ஒரு பொருளைப் பற்றி எழுதத் தொடங்கும்போது கொப்பியின் மேற்புறத்தில் நாளையும் நேரத்தையும் குறித்துவிட்டே தொடங்குவது என் வழக்கம்.

நாரந்தனையில் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். கணவருக்குத் தெற்கே கடை. வருடத்தில் இரண்டு முறை வருவார். மிஞ்சிய நேரத்தில், தீவுப் பெண்கள் அன்றாடம் பாவித்து ஒதுக்கிவிட்ட சாமான்களைத் தேடிச் சேர்க்கிறேன். காசு வைத்து இடுப்பில் செருகும் ஓலைக் கொட்டைப்பெட்டி, பல் உடைந்த கொம்புச் சீப்பு, குழந்தைக்கு மருந்து பருக்கிய சங்கு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த அகப்பை. யாருடையது, எந்த வேலைக்கு, எந்தக் கையால் என்று கேட்டு எழுதுவேன். பள்ளிப் புத்தகத்தில் ராசாக்களின் சண்டைகள் எல்லாம் இருக்கின்றன. அடிப்பிடித்த சட்டியை ஒருத்தி எதைக் கொண்டு சுரண்டினாள் என்பது எங்கும் இல்லை.

அந்தக் காப்பு என்னுடையதல்ல. நெடுந்தீவில் பிறந்து, இப்போது ஊர்காவற்றுறையில் மகனோடு இருக்கும் ஒரு வேதக்காரப் பெண் தன் தாயின் காப்பை ஒரு கிழமைக்கு இரவல் தந்திருந்தார். திறப்போ திருகாணியோ இல்லாத முழு வளையம். என் சுண்டுவிரல் தடிப்பு. பன்னிரண்டு வயதில் தாய் அதைப் போட்டாராம். எப்படிப் போட்டிருப்பார்கள்? கை எவ்வளவு சிறியதாக இருந்திருக்கும்? என் மகளுக்கும் பன்னிரண்டு வயது. சவர்க்காரம் பூசி, பெருவிரலை உள்ளே மடக்கித் தள்ளினேன். போய்விட்டது. எனக்குச் சந்தோஷம். பிள்ளையை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் படம் கீறத் தொடங்கினேன்.

கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். "அம்மா, இறுக்குது" என்றாள். கழற்றப் பார்த்தேன். பெருவிரல் எலும்பில் முட்டி நின்றது. மறுபடி சவர்க்காரம், பிறகு நல்லெண்ணெய். இழுக்க இழுக்கத் தோல் சுருண்டு காப்பின் முன்னே திரண்டது.

அடுத்த வளவில் இருக்கும் என் கணவரின் தமக்கை சத்தம் கேட்டு ஓடிவந்தார்.

"செத்ததுகளின்ரை சாமானை வீட்டுக்குள்ளை அடுக்காதையும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? கேட்டனீரோ?"

"மச்சாள், பேச்சைப் பிறகு பேசுங்கோ. இப்ப என்ன செய்யிறது?"

"என்ன செய்யிறதோ? உப்பை வறும். ஒத்தடம் குடுத்தால் வத்திப்போம்."

எங்கள் வீடுகளில் எந்த வீக்கத்துக்கும் அதுதான் முதல் வைத்தியம். நானும் யோசிக்கவில்லை. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, சூடு ஆற ஆற மூன்று தரம் ஒத்தினோம். கை வற்றவில்லை. சூட்டில் இன்னும் ஊதியது. நான்கு மணி தாண்டியபோது விரல்கள் கத்தரிப்பூ நிறமாகிவிட்டன. தொட்டால் குளிர்ந்தன.

"அம்மா, கையை வெட்டுவினமோ?" என்று கேட்டாள் பிள்ளை. அழவில்லை. அதுதான் என்னை ஆட்டிப்போட்டது. இன்று பத்தாவது நாள். கொப்பியைத் திறந்தால் அந்தக் குரல் இன்னும் கேட்கிறது.

எங்கள் ஒழுங்கையில் நகை வேலை செய்யும் பத்தரை அழைத்தோம். அரத்தோடு வந்தார். காப்பைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஆற்றை சாமான், ரீச்சர்?"

சொன்னேன். அரத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்கடை எண்டால் இந்நேரம் வெட்டியிருப்பன். இரவல் சாமானிலை உடையவ சொல்லாமல் நான் அரம் வைக்கமாட்டன். ஒருக்கால் வைச்சிட்டு, கோயில் வாசல்லை ஊருக்கு முன்னாலை நிண்டு விளக்கம் சொன்னனான்."

"அப்ப ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோறன்."

"கொண்டுபோங்கோ. அங்கையும் ஒரு பத்தரைத்தான் கூப்பிடுவினம்."

மச்சாளின் புருஷன் உடையவரைக் கூட்டிவரச் சைக்கிளில் ஊர்காவற்றுறைக்குப் பறந்தார். அவர் எப்போது திரும்புவார், அந்தப் பெண் வீட்டில் இருப்பாரா, மாதா கோயிலுக்குப் போயிருப்பாரா என்று ஒன்றும் தெரியாது. நான் மகளின் நகங்களை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். அழுத்திய இடம் வெளிறியது. நிறம் திரும்பி வர நேரம் எடுத்தது. அடுத்த முறை அதைவிட நேரம் எடுத்தது.

அதற்குமேல் நான் காத்திருக்கவில்லை. பத்தரின் மடியிலிருந்த அரத்தை எடுத்தேன்.

"அம்மா, அது இரவல் எண்டு சொன்னனீங்களெல்லே?" என்றாள் மகள்.

"ஓம். நான் விளக்கம் சொல்லுறன். நீ கையை ஆட்டாதை."

பச்சை ஓலையில் ஒரு கீற்றுக் கிழித்து, தோலுக்கும் காப்புக்கும் நடுவே நுழைத்தேன். அது நுழையவே பட்ட பாடு! புறங்கைப் பக்கம் அரத்தை வைத்து அராவினேன். மச்சாள் பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வெள்ளித்தூள் ஓலையில் விழுந்தது. அந்த வேலை எனக்குப் பழக்கமில்லை. அரம் இரண்டு தரம் சறுக்கி என் விரலையே கீறியது. பத்தருக்குப் பொறுக்கவில்லை. "சரிச்சுப் பிடியாதையுங்கோ, நேரை, நேரை" என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னார். கை மட்டும் நீட்டவில்லை. நகத்தின் அளவுக்குத்தான் வெட்டு விழுந்திருந்தது. நிறுத்துவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டே அராவினேன்.

படலையில் சைக்கிள் மணி கேட்டது. கரியரில் ஒருபக்கமாக இருந்தபடி, சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு அந்தப் பெண் வந்து இறங்கினார். நான் அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"அக்கா, நான் வெட்டத் தொடங்கிட்டன்" என்றேன்.

அவர் குந்தியிருந்து, மகளின் கையைத் திருப்பி, நாடி பிடிக்கும் பக்கத்தில் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார். அங்கே காப்பில் ஒரு மங்கிய கோடு தெரிந்தது. இத்தனை நாளாகப் பார்த்தும் நான் காணாத கோடு.

"அந்தத் தடிப்பிலை ஏன் மினைக்கெடுறீர், பிள்ளை? ஒட்டின இடம் இஞ்சை கிடக்கு. அம்மாவுக்கு ஒவ்வொரு முறை பிள்ளை வயித்திலை நிக்கேக்கையும் கை வீங்கும். வெட்டி எடுக்கிறது. பெத்து எழும்பினாப் பிறகு திரும்ப ஒட்டிப் போட்டுவிடுறது. நாங்கள் ஏழு பேர்."

பிறகு பத்தர் பக்கம் திரும்பினார்.

"நீர் என்ன கலியாண வீட்டுக்கு வந்த ஆள் மாதிரிக் குந்திக்கொண்டு இருக்கிறீர்? பிடியும் அரத்தை. வெட்டும். இந்தமுறை ஒட்டித் தரத் தேவையில்லை."