நம்மாள் வாங்கிய எம்.டி.

பால் வாங்கப் போன இடத்தில்தான் அது தோன்றியது. எங்கள் தெருமுனைக் கடையில், இந்த ஊர் பிரெஞ்சு வழக்கில் தெப்பனேரில், பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டு நின்றேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது. விளையாட்டுப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், ஐரோப்பாவில் முந்தின நாள் நடந்த சைக்கிள் பந்தயத்தின் முடிவு. முதல் பெயருக்கு எதிரே மணி, நிமிடம், நொடி எல்லாம் இருந்தன. இரண்டாம் பெயரிலிருந்து நாற்பதாம் பெயர் வரை m.t. என்று இரண்டே எழுத்து.

கல்லாவிலிருந்த அம்மாளிடம் அர்த்தம் கேட்டேன்.

"மேம் தான்" என்றாள். பிரெஞ்சில் அதற்கு 'அதே நேரம்' என்று பொருள்; அதன் சுருக்கம்தான் m.t.

கூட்டமாக வந்து முடிவுக் கோட்டைத் தாண்டினால், கூட்டத்தின் வாலுக்கும் தலையின் நேரத்தையே எழுதுவார்களாம். பால் பாட்டிலோடு அங்கேயே நின்றுவிட்டேன். எனக்கு ஜெயிக்கத் தெரியாது. ஆனால் ஒட்டிக்கொள்ளத் தெரியும். மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டில் நான்காவதாக உட்கார்ந்து மெட்ராஸில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்படியானால் இந்த விளையாட்டு எனக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது. நானும் பந்தயத்தில் ஓட்டுவேன்.

அந்தப் பட்டியலில் முப்பதுக்குச் சற்று மேலோ கீழோ ஒரு டச்சுப் பெயர் இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. அதற்கடுத்த வாரமும். அவரை நான் நம்மாள் என்று அழைக்கத் தொடங்கினேன். கடைக்கார அம்மாள் விற்காத பத்திரிகைகளைத் திருப்பி அனுப்புமுன் என்னைப் படிக்க விடுவாள். அதிலிருந்துதான் நம்மாளின் தொழில் தெரிந்தது. அவர் வேலை ஜெயிப்பது அல்ல. அணியின் தலைவனுக்கு முன்னால் ஓட்டி எதிர்க்காற்றைத் தான் வாங்கிக்கொள்வது, பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர்ப் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுப்பது. தலைவனின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் நிற்பது. ஒரே ஒருமுறை, மழை கொட்டிய ஒரு நாளில், மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் போய் ஜெயித்துவிட்டார். பத்திரிகை அவர் பெயரைத் தப்பாக அச்சடித்தது.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன், தமிழில். அது அம்மாவின் சட்டம். இங்கே வந்து தமிழை மறந்துவிடுவேன் என்று தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தாள். என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே பக்கம் பக்கமாகப் பந்தய முடிவுகள். நம்மாள், முப்பத்திரண்டாவது, எம்.டி. நம்மாள், இருபத்தெட்டாவது, எம்.டி.

என் பதினேழாம் வயதின் வசந்தத்தில் அம்மா அந்த நோட்டைப் படித்துவிட்டாள்.

"யாருடி இந்த நம்மாள்?"

"சைக்கிள் ஓட்டறவர்மா. ஹாலந்து."

"எம்.டி.ன்னு போட்டிருக்கே. உங்கப்பா மாதிரியா?"

ஆங்கிலத்தில் T வேறு, D வேறு என்று சண்டை போடும் இரண்டு எழுத்துகளும் தமிழில் சமாதானமாக ஒரே டி ஆகிவிடுகின்றன. அப்பா இதய மருத்துவர். எங்கள் வீட்டில் அந்த இரண்டெழுத்து வாசல் பலகையில் இருந்தது. நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம்தான் சைக்கிள் கிளப்பின் படிவம் வந்திருந்தது. செப்டம்பரில் ஊர் நடுவிலிருக்கும் மலையைச் சுற்றிப் பெண்களுக்கான தொடக்கநிலைப் பந்தயம். பதினெட்டு ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். தொடை தெரியும் கால்சட்டையில் ரோட்டில் குனிந்துகொண்டு போவதாவது என்று அம்மா அதைத் தொடக்கூட மறுத்திருந்தாள்.

"ம்" என்றேன்.

அந்த ஒரு "ம்" செய்த வேலையை மூன்று வருடக் கெஞ்சல் செய்யவில்லை. சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மாமி வீட்டுப் பூஜையில் அம்மா சொல்வது என் காதில் விழுந்தது. "எம்.டி. முடிச்சுட்டு அந்த மனுஷர் சைக்கிள் ஓட்டறார். படிச்சவங்களே செய்யறப்ப நம்ம பொண்ணு ஓட்டினா என்ன?" மாமிகள் தலையாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிக் கிடக்கும் தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே என் பத்து கியர் சைக்கிளில் பயிற்சி எடுக்க அனுமதி கிடைத்தது. அப்பா மட்டும், "அந்த டாக்டரை நான் ஒருதரம் பார்க்கணும். பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றார். ஹாலந்துக்கா போகப் போகிறார் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆகஸ்டில் ஹாலந்து இங்கே வந்தது. உலகப் பட்டத்துக்கான பந்தயம் எங்கள் மலையிலேயே நடந்தது. ஆரஞ்சுச் சட்டைக் கூட்டத்தில் நம்மாள் பெயரும் இருந்தது. அப்பா அன்று விடுப்பு எடுத்தார். அம்மா ஒரு பாட்டிலில் மோர் கரைத்துக் கொடுத்தனுப்பினாள்.

மலைச்சாலையின் புல்மேட்டில் நின்றோம். ஒரே ஏற்றத்தை அவர்கள் திரும்பத் திரும்ப ஏறினார்கள். ஒவ்வொரு முறையும் நம்மாள்தான் முன்னால், வாயைத் திறந்து காற்றை வெட்டிக்கொண்டு, தன் தலைவனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு. பாதிக்கு மேல் ஆனபோது அவர் ஏற்றத்தின் உச்சியில் ஓரமாக ஒதுங்கி, இறங்கி, எங்களுக்குப் பத்தடி தள்ளி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

நான் தடுப்பதற்குள் அப்பா போய்விட்டார். "டாக்டர்" என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டபடியே.

நம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கோட்டுப் போட்ட மனிதர் டாக்டர் என்கிறாரே, பந்தயத்து மருத்துவர்தான் போலிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். மணிக்கட்டை நீட்டினார். நீட்டிய கையை விட்டுவிட அப்பாவால் முடியாது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எண்ணினார். அப்பாவின் முகம் மாறியது.

நான் மோர்ப் பாட்டிலை நீட்டினேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் சுமந்தவர் ஒரே மூச்சில் முழுதும் குடித்துவிட்டு, பெருங்காயத்தில் முகம் சுளித்து, "டாக்டர், இது என்ன மருந்து?" என்றார்.

"அது மோர். நீங்க எந்த மெடிக்கல் காலேஜ்?"

"நானா? பதினாலு வயசுல ஸ்கூலை விட்டாச்சு. உருளைக்கிழங்கு வயல்தான்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வேறு வழியில்லை. மேம் தான் என்ற விஷயத்தை மூச்சுவிடாமல் அங்கேயே சொல்லி முடித்தேன், தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. நம்மாள் சிரித்ததில் கடைசி மிடறு மோர் மூக்கில் ஏறிவிட்டது.

"இன்னிக்கு அதுவும் கிடையாதே. பாதியில விட்டுட்டீங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் சொல்லிவிட்டேன்.

"விடலையே" என்றார். "இந்தச் சுற்று வரைக்கும்தான் என் வேலை. எங்க ஆளை முன்னால கொண்டு சேர்த்தாச்சு. மிச்சம் அவன் பாடு." அணியின் கார் வந்தது. காலிப் பாட்டிலை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

வழியெல்லாம் அப்பா நாடியைப் பற்றியே பேசினார். "ரெண்டே நிமிஷத்துல அப்படி இறங்குது. இருபது வருஷத்துல இப்படி ஒரு ஹார்ட்டை நான் தொட்டதில்ல." வீட்டு வாசலில்தான் நின்றார். "எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா கையெழுத்து உங்கம்மா போடட்டும். ஏமாந்தவ அவதான்."

நானே சொன்னேன். அம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அத்தனை மாமிகிட்டயும் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். படிவம் உப்பு டப்பாவுக்கு அடியில் போயிற்று. மறுநாள் பத்திரிகையில் நம்மாள் பெயருக்கு எதிரே ab. என்று போட்டிருந்தது. பாதியில் விட்டவர் என்று பொருள். அம்மா அதை ஒரு விரலால் தொட்டாள்.

"இது என்ன டிகிரி? பி.ஏ.வைத் திருப்பிப் போட்டுக்கிட்டானா?"

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை வரை டப்பா நகரவில்லை. வெள்ளிக்கிழமை படிவத்துக்குக் கடைசி நாள். அன்று காலை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் அது விரித்து வைக்கப்பட்டிருந்தது. அடியில் அம்மாவின் தமிழ்க் கையெழுத்து, ஈரம் காயாமல்.

"ஜெயிக்கணும்னு சொல்லல" என்றாள், சட்னியைக் கிளறிக்கொண்டே. "ஆனா உன் பேருக்கு எதிர்ல எம்.டி. வரணும். நான் சொன்னதுல பாதியாவது நிஜமாகட்டும். அந்த ஏ.பி. எல்லாம் இந்த வீட்டுக்கு வேண்டாம்."

பந்தயம் வரும் ஞாயிறு. ஐந்து சுற்று. நேற்று ஏற்றத்தைத் தனியாக ஆறுமுறை ஏறிப் பார்த்தேன். ஐந்தாவதிலும் கால்கள் என் பேச்சைக் கேட்டன. ஆறாவதில் கொஞ்சம் முணுமுணுத்தன, அவ்வளவுதான். என் திட்டம் எளிது. மலையின் வளைவில் முன்னால் போகிறவளின் பின்சக்கரத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒட்டிக்கொள்வேன். ஐந்து முறையும். கோடு வரும்வரை விடமாட்டேன்.