அம்மா வந்தால் பேசிவிடுவாள்

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். மகளுக்கு நாலு வயது. லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவில் நானும் அவளும் மட்டும்தான்.

மகள் பேசமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். செவிடு என்று சொல்லவும் முடியாது. டொஃபித் தாளைப் பிரிக்கிற சத்தம் அடுத்த வீட்டில் கேட்டாலும் ஓடி வருவாள். குழாயில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே அரை நாள் உட்கார்ந்திருப்பாள். காலையில் பால் வெட்ட மலைக்குப் போகும்போது அவளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவேன். மற்றப் பிள்ளைகள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழும். இவள் நான் போவதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, அழாத பிள்ளை கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்பார்.

எங்கள் லயத்தில் எல்லோருமே டாக்டர்கள்தான். ஆனால் அத்தனை பேரும் சொன்ன வியாதி ஒன்றே ஒன்று.

"தாய் ஏக்கம் தம்பி. ரெண்டு வயசுல வுட்டுட்டுப் போனா புள்ள ஏங்காதா? அவ வந்து எறங்கட்டும், தானா பேசும்."

வெளிநாடு போன தாய்மார் எங்கள் தோட்டத்தில் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளை இருமினாலும் ஏக்கம், விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாலும் ஏக்கம். நானும் அதை நம்பினேன். நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது. ஏக்கம் என்றால் அதற்கு மருந்து இருக்கிறது. குவைத்தில் இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்ததும் பிளேன் ஏறி வந்துவிடும்.

கிளினிக்குக்கு வருகிற மிட்வைஃப் நோனாதான் விடாமல் நச்சரித்து எங்களைக் கண்டியில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டர் அம்மா சிங்களத்தில்தான் பேசினார். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மகளைத் தரையில் விளையாட விட்டு நெடுநேரம் கவனித்தார். பிறகு 'ஓட்டிசம்' என்றார். அதற்கு முன் நான் கேள்விப்படாத சொல். பிள்ளையின் மூளை உலகத்தை வேறு மாதிரி வாங்கிக்கொள்கிறது, அது பிறவியிலேயே அப்படி, மெல்ல மெல்லப் பழக்கலாம், பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார். நான் அவள் தாய் வெளிநாட்டில் இருக்கிற கதையைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா கிய நிஸா நெவெயி." அம்மா போனதால் இல்லை.

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது, பஸ் ஸ்டாண்டுக்கு வரும்வரை. அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. அவள் போனதால் வந்தது இல்லையென்றால், அவள் வந்தாலும் போகாது.

பஸ் நிறைய சனம். மகள் கண்ணாடியில் வழிகிற மழைத் தண்ணீரை விரலால் துரத்திக்கொண்டு வந்தாள். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. அவ்வளவு தனியாக நான் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அந்த டாக்டருக்கு என்னா தெரியும் தம்பி? அவ வரட்டும், பாருங்க" என்றார். என் மேல் உள்ள பரிவில்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடை போனுக்கு மனைவி கோல் எடுப்பாள். மகளையும் தூக்கிக்கொண்டு போவேன். எப்போதும் முதல் கேள்வி அதுதான்.

"பேசுனாளாங்க?"

ஒளித்துவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அவள் குரலைக் கேட்டதும் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் இங்க வந்ததாலதான்னு இருந்தேங்க" என்றாள். "இந்த வீட்டுப் புள்ளைக்குச் சோறு ஊட்டுறப்பல்லாம் அதே நெனப்புதான். எனக்கு ஒரு வாய் எறங்குனதில்ல."

"ஒன்னால இல்ல புள்ள. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

அழுதாள். பிறகு, "நான் வந்தாலும் பேச மாட்டாளா?" என்று கேட்டாள்.

"தெரியல."

அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள். "இப்ப என்னா செய்யுறா?"

"போன் வயர விரல்ல சுத்திச் சுத்தி வுடுறா."

"சிரிக்கிறாளா?"

குனிந்து பார்த்தேன். "ஆமா" என்றேன்.

ஒப்பந்தம் முடிந்து அவள் வந்த அன்று லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. "அம்மான்னு கூப்புடு பாப்பா" என்று ஆளாளுக்குத் தூண்டினார்கள். மகள் தாயின் முகத்தைப் பார்க்கவேயில்லை. நேராகப் போய் சூட்கேசின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கூட்டம் உச்சுக்கொட்டியது. மனைவியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் புதுச் சேலையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். பெட்டியைச் சாய்த்து ஒரு சக்கரத்தை விரலால் சுழற்றிவிட்டாள். அது சுற்றி நிற்கும்வரை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாயின் கையைப் பிடித்து எடுத்து, மறுபடியும் சக்கரத்தின் மேல் வைத்தாள்.

பேச்சைக் கேட்க வந்தவர்கள் ஏமாந்து ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். மகள் இன்றைக்கும் அதிகம் பேசுவதில்லை. அன்று அவள் கையால் தன் தாயைக் கூப்பிட்டதைக் கேட்டது அந்த வாசலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அந்தத் தனிமை எங்களை விட்டுப் போகவில்லை, ஆனால் அது இப்போது எனக்குப் பாரமாக இல்லை.