ஐந்தாம் எண் கியூப்

வெள்ளிக்கிழமை சோதனைக்கு முன்பே சிவில் துறையில் உடைத்துப் பார்க்க வார்த்த கான்கிரீட் கல்லை, அதாவது கியூப்பை, மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சு முதலில் கேன்டீனில்தான் கிளம்பியது. கிளப்பியவர் செந்தாமரை. கல்லாவில் உட்கார்ந்தபடியே பல்கலைக்கழகத்தின் பதினொரு துறைகளையும் நிர்வகிப்பவர்.

"அருளு, உன் லேப்ல நம்பரு மொதல்ல வந்துடுச்சாம், கல்லு அப்பாலதான் ஒடையுமாம். மெய்யா?"

அருள்நாதன் மண்ணூர்க்காரர், பத்தொன்பது வருஷமாகக் கான்கிரீட் ஆய்வக உதவியாளர். டீயைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற ஆளுக்கு இந்தக் கேள்வி போதாதா?

துறையின் செய்திமடலில் பளபளவென்று வந்திருந்தது: இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிகள் கழித்துப்போடும் மணலில் செய்த கான்கிரீட், இருபத்தெட்டு நாளில் நாற்பத்தெட்டு மெகாபாஸ்கல் வலிமையை எட்டியது. பக்கத்தில் துறைத் தலைவர் கோதண்டம் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தச் சோதனைக்கென்று வார்த்த கியூப்கள் ஆறும் இன்னும் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தன. மூன்றை இருபத்தெட்டாம் நாளான வெள்ளிக்கிழமை, ஒரகடம் ஃபவுண்டரி மேலாளர் முன்னால் உடைக்க வேண்டும். மீதி மூன்று ஐம்பத்தாறாம் நாளுக்கு. பதிவேட்டில் கையெழுத்து அருள்நாதனுடையது. நாளைக்கு எல்லாம் பொய் என்று ஆனால் செய்திமடலுக்கு வேலை போகாது.

"டெஸ்டே பண்ல, நாப்பத்தெட்டுன்னு போட்டுகீது சார்" என்று அருள்நாதன் கோதண்டத்திடமே கேட்டார்.

"ஏழாம் நாள் தனியா உடைச்ச மூணு கல்லோட ரிசல்ட்டை வச்சு கணக்குப் பண்ணதுய்யா. பிரஸ்ல அவசரப்பட்டாங்க."

ஏழாம் நாள் அருள்நாதன் வேளாங்கண்ணியில் இருந்தார். லீவு கேட்டதும் தலைவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தது இப்போதுதான் உறைத்தது.

கலவை மாரிசெல்வியுடையது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி.

"என்னண்ணே, ஏங் கியூப்பையே மொறச்சுப் பாக்கிய?"

"பாசி புட்ச்சிகீதான்னு பாத்தேம்மா."

வியாழக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரம், ஐம்பத்தாறாம் நாள் செட்டிலிருந்து ஐந்தாம் எண்ணை எடுத்தார். ஒன்றை உடைத்தால் உண்மை தெரிந்துவிடும். உடைத்த கல் ஒட்டாது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வார்த்தபோது கரணையால் தேய்த்துவிட்ட முகத்தில் அவரே கறுப்புப் பெயின்டில் எழுதிய எண். நடுவில் யாரும் மாற்றிவிடக் கூடாதே என்று அந்த எண் கண்ணுக்குத் தெரியும்படி மேலே வைத்து, அழுத்தி உடைக்கும் இயந்திரத்தில் ஏற்றினார். அறையில் வேறு ஆளே இல்லை. இருந்தாலும்.

முப்பத்தொன்றில் கல் உடைந்தது. சந்தேகப்பட்டது சரிதான் என்று அவருக்கு ஒரு நிம்மதி. சில்லுகளைக் கூட்டிப் பின்பக்கக் குப்பையில் கொட்டினார்.

"நாளைக்கு நான் சைன் போடமாட்டேன் சார். மனசு ஒப்பல."

"மனசை யார் கேட்டாய்யா? கையைத்தான் கேட்டேன்" என்றார் கோதண்டம். "போடலைன்னா திங்கக்கிழமைலேர்ந்து ஹாஸ்டல் ஸ்டோர்ல அரிசி மூட்டை எண்ணு."

வெள்ளிக்கிழமை அருள்நாதன் கண் கொட்டவில்லை. யாரும் எதையும் மாற்றவில்லை. மாரிசெல்வி முதல் கியூப்பைத் தூக்கி, எண் எழுதிய முகம் பக்கவாட்டில் வரும்படி திருப்பி வைத்தாள்.

நேற்று அருள்நாதன் அந்த முகத்தைத்தான் மேலே வைத்திருந்தார். தேய்த்த முகம் மேடுபள்ளமாக இருக்கும். அதை மேலே வைத்தால் பாரம் சமமாக இறங்காது. நல்ல கல்லும் சீக்கிரம் உடையும். வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளை அவர் திட்டுவதே இதற்குத்தான். இவளையும் திட்டியிருக்கிறார்.

நாற்பத்தேழு. நாற்பத்தொன்பது. நாற்பத்தெட்டு.

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். கோதண்டத்தின் முகத்தில் செய்திமடலில் இருந்த அதே சிரிப்பு.

திங்கட்கிழமை மாரிசெல்வி தொட்டியருகே நின்றாள். "அஞ்சாம் நம்பரக் காணும்ணே. ரெண்ட மட்டும் வச்சு சராசரி எடுத்தா சார் ஒத்துக்கிட மாட்டாவ."

"நல்லா எண்ணிப் பாத்தியா?"

"ரெண்டு கல்ல எண்ணத் தெரியாமலாண்ணே பிஎச்டி பண்ணுதேன்?"

மத்தியானத்துக்குள் செந்தாமரையிடம் புதுச் செய்தி தயாராக இருந்தது. "உங்க தலைவருதான் கல்லை லவுட்டிட்டாராமே. நீ இன்னா சொல்றே?"

அருள்நாதன் டீயை முகர்ந்து பார்த்தார். "விசாரிக்கணும்" என்றார்.

அதே நாளில் வார்த்த அதே கலவை இனி எங்கேயும் கிடைக்காது. ஐம்பத்தாறாம் நாளுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. பதிவேட்டில் ஐந்தாம் எண்ணுக்கு நேரே கட்டம் காலி. தினமும் காலையில் மாரிசெல்வி உள்ளே வரும்போது சொல்லிவிடுவது என்று வாயைத் திறக்கிறார்.

"சாப்ட்டியாம்மா?" என்றுதான் வருகிறது.