அம்மாவோட முட்டி எக்ஸ்ரே

நான் பிளவுஸ் தைக்கிறவ. நீ ஒரு நாளு கவர்மெண்டுக்கு எதிரா போஸ்டர் போடுவேன்னு எவளாச்சும் சொல்லியிருந்தா, ஊசியாலயே குத்தியிருப்பேன்.

எங்க ரெண்டு ஏக்கர் மரவள்ளிக் காட்டுக்கு நடுவுல புது ரோடு வருதுன்னாங்க. கிணறும் போகுது. ஆட்சேபணை மனு குடுத்தோம், பதிலே இல்ல. கூட்டம் போடக் கூடாது, நாலு பேரு சேர்ந்து நின்னாலே ஜீப் வரும். போஸ்டர் அடிச்சுத் தரச் சொல்லி அச்சாபீஸ்ல கேட்டா, "கீழ எங்க பேரைப் போட்டாகணுங்கக்கா, ஆளை விடுங்க"ன்னு கும்பிடு போட்டாங்க.

அப்பத்தான் பெரியப்பா மகன், எங்க அண்ணன், வந்தாரு. பக்கத்துக் காடு அவருது. ரோடு அதுலயும் போகுது. "நீ வெட்டு கண்ணு, நான் ஒட்டறேன்"னாரு.

அம்மாவோட முட்டி எக்ஸ்ரே வூட்டுல கெடந்துச்சு. கத்தரிக்கு நல்லாத் தோதா நின்னுச்சு. அதுல படம் வெட்டினேன். கட்டில் மேல, ரோட்டுக்கு அளந்து நடற அளவுக்கல்லு சொகமாப் படுத்திருக்கும், குடும்பமே வாசல்ல நிக்கும். கீழ ஒரே வரி: "யாரைக் கேட்டு?" பழைய காலண்டர் தாளு மேல அதை வச்சு பெயிண்ட் அடிச்சா, படம் அப்படியே விழும்.

மரவள்ளி மாவுல பசை காய்ச்சி, துளி மயில்துத்தம், அதான் அந்த நீல விஷ உப்பு, கலக்கணும். இல்லேன்னா ஆடு போஸ்டரைத் தின்னுடும். அதையும் அண்ணனுக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன். பாப்பாரப்பட்டியில உச்சி வெயில்ல தெரு காலியாக் கெடக்கறப்ப ஒட்டிட்டு வந்துடுவாரு. பஸ்ல ஜனங்க அதைப் பத்திப் பேசும், நான் ஒண்ணும் தெரியாதவளாட்டம் உக்காந்திருப்பேன். உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோசம்.

ஒரு நாளு அண்ணன் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பாத்துட்டு, "அய்யய்யோ, ஓரத்துல சின்னம்மா பேரு இருக்குதே!"ன்னாரு. எதை வெட்டினாலும் தையலுக்கு ஓரம் விட்டே பழகின கை. படத்தைச் சுத்தி விட்ட ஓரத்துல ஆஸ்பத்திரியில எழுதின அம்மா பேரு, வயசு எல்லாம் அப்படியே இருந்திருக்குது. "குடு, நான் நறுக்கிடறேன்"னு சுருட்டி எடுத்துக்கிட்டுப் போனாரு. என்னா அக்கறை பாருங்க!

நாலாம் நாளு அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஓடினேன். மேஜை மேல எக்ஸ்ரே. ஓரம் நறுக்கவே இல்ல. "இது உன் முட்டிதானே?"ன்னு கேக்கறாங்க. எங்கம்மா, பாவம், "ஆமாங்க சார், இப்பவும் வலிக்குதுங்க"ங்குது. சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுல உக்கார வச்சாங்க. மனுவை வாபஸ் வாங்கறேன்னு எழுதிக் குடு, அம்மாவை விடறோம்னாங்க. எழுதிக் குடுத்துட்டேன்.

அடுத்த மாசம் ரோட்டுக்குக் கல்லு நட்டாங்க. எங்க கிணத்தை முழுங்கற ரோடு, அண்ணன் காட்டுக்கிட்ட வந்ததும் வளைஞ்சு போகுது. நேராப் போய்க் கேட்டேன். "உன் பேரை நான் சொல்லவே இல்ல கண்ணு"ன்னாரு.

அடப்பாவி! என் பேரைச் சொல்லியிருந்தாக்கூட ஆறியிருக்கும். நடக்க முடியாத பொம்பளை பேரையில்ல குடுத்துட்டே! இத்தனை வருசம் அண்ணா அண்ணான்னு கூப்பிட்ட வாயிதான் அன்னிக்கு அப்படிக் கத்துச்சு.

இண்டூர் பஸ் ஸ்டாப்புல இப்ப ஒரு போஸ்டர் இருக்குது. ரோடு தந்தவங்களுக்கு நன்றின்னு, அண்ணன் கைகூப்பி நிக்கிற போட்டோவோட. அச்சாபீஸ் பேரும் கீழ தைரியமாப் போட்டிருக்குது. நகத்தால சுரண்டிப் பாத்தேன், வரல. ஓரத்துல லேசா நீலம் தெரிஞ்சுச்சு. பக்கத்துல மேஞ்ச ஆடுகூட அதுல வாய் வைக்கல.

நான் சொல்லிக்குடுத்த பசை.