குடம் நின்று எட்டு ஃபிரேம் கழித்து

தொண்ணூறுகளின் நடுவில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் வேலை பார்த்தேன். கல்யாண வீடியோவுக்கு டைட்டில், கேபிள் டிவிக்கு விளம்பரம்.

ஒரு பாத்திரக் கடைக்குப் பத்து நொடி விளம்பரம் செய்தேன். முதலில் குடம் வந்து விழும், ஒருமுறை ஆடி நிற்கும். அது நின்று எட்டு ஃபிரேம் கழித்துத்தான் சொம்பு. பிறகு டம்ளர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம் ஓடும். எட்டு என்பது கண் இமைக்கிற நேரம்தான். ஆனாலும் அந்த எட்டைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. ஐந்து வைத்தால் சொம்பு குடத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. பன்னிரண்டு வைத்தால் வர மறந்துவிட்டதுபோல்.

கடைக்காரர் வந்து பார்த்தார். "இன்னாம்மா இது, ஒண்ணொண்ணா வந்துகினு கீது? என் கடைல அம்மாம் சாமான் கீது. எல்லாம் ஒரே டைம்ல சுத்தணும்."

"எல்லாம் ஒண்ணா சுத்தினா ஒண்ணுமே கண்ணுல நிக்காது சார்."

ஸ்டூடியோ முதலாளி என்னைத் தனியே அழைத்தார். "கஸ்டமர் கேக்கறத செஞ்சு குடும்மா. உனக்கென்ன வந்துது?"

"நான் மாத்த மாட்டேன் சார். வேணும்னா நீங்க மாத்திக்குங்க."

மாற்றினார். எல்லாப் பாத்திரங்களையும் முதல் ஃபிரேமுக்கே இழுத்துப் போட்டார். கடைக்காரருக்குப் பரம திருப்தி. மாதக்கணக்கில் அதுதான் ஓடியது, எங்கள் வீட்டு டிவியிலும். "இதுவா நீ பண்ணினது?" என்று அம்மா கேட்டபோது, இல்லை என்றேன்.

என்னைக் கல்யாண டைட்டிலில் பெயர் தட்டும் வேலைக்கு மாற்றினார்கள். தட்டினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இன்னொன்றும் செய்தேன்: புதிய கஸ்டமர்களுக்குப் போட்டுக் காட்டும் மாதிரி கேசட்டில், அவர் மாற்றுவதற்கு முன்பு இருந்த என் குடத்தையும் சொம்பையும் பதிந்து வைத்தேன்.

சேலையூரில் பேக்கரி நடத்திய ஒரு அம்மா அதைப் பார்த்தார். "இருங்க, அதைத் திரும்பப் போடுங்க. எனக்கு இந்த மாதிரிதான் வேணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அந்த அம்மா போனதும் கேட்டார், "யாரைக் கேட்டு இதை கேசட்ல போட்ட?"

"யாரையும் கேக்கல சார்."

ஆர்டர் புத்தகத்தில் பேக்கரியின் பெயரை எழுதினார். "சரி, இதை நீயே பண்ணு. நாளைக்கு வேணும்."

"நாளைக்கு முடியாது சார். எது எப்ப வரணும்னு பாக்கணும். மூணு நாள் ஆகும்."

முணுமுணுத்தார். நான் மூன்று நாளும் எடுத்துக்கொண்டேன்.