பதினோரு ஜோடி பூட்ஸ்

என் வீட்டுக்காரர் பேரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எழுதலாம், எழுதினால் யார் காதிலும் விழாது. அவர் பேர் சவுரிராயன். என் பேர் ஜெயம். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். அந்த நாலு வகுப்பும் ஒரு மனுஷன் பழைய பூட்ஸ் வாங்கிக் குவித்த கதையை எழுதத்தானா என்று கேட்டால், அதற்குத்தான் போலிருக்கிறது.

எங்கள் சேரி திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. சேரியிலிருந்து பெரிய ரோட்டுக்கு வர ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். எங்கள் மாதா கோயிலும் ரோட்டோரத்தில்தான். தெருவில் சேரி ஆள் காலில் செருப்போடு நடக்கக் கூடாது. தெருமுனை வந்ததும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும், தெரு முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, தண்டோராவும் போடவில்லை. ஆனாலும் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் அவர் ஒருநாள் மறந்துவிட்டார். என் அப்பா வீட்டில் எடுத்துக் கொடுத்த புதுச் செருப்பு, அந்தப் பெருமையில் பாதித் தெரு வரை போயிருக்கிறார். பண்ணைக்காரர் பிடித்து நிறுத்தி, இரண்டு செருப்பையும் தலையில் வைத்துக்கொண்டு தெருவை மூன்று சுற்று வரச் சொன்னார். சுற்றினார். வீட்டுக்கு வந்து செருப்பை ஏரியில் எறிந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான்தான் அழுதேன். அதற்குப் பிறகு அவர் செருப்பு வாங்கவே இல்லை.

முதல் பூட்ஸ் வீட்டுக்கு வந்தது முப்பத்துநாலாம் வருஷம். திண்டிவனம் சந்தையில் ஒரு பாய் சாக்கை விரித்துப் பழைய சாமான் கடை போடுவார். புதுச்சேரி வெள்ளைக்கார வீடுகளில் கழித்துப்போட்டது, பட்டணத்து ஏலத்தில் எடுத்தது எல்லாம் அங்கே கிடக்கும். கண்ணாடி உடைந்த கைவிளக்கு, பித்தான் போன கோட்டு, நசுங்கிய தொப்பி, ஓரமாக ஒரு குவியல் பூட்ஸ். மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கிய கொல்லையில் தப்பிக் கிடக்கும் காயைப் பொறுக்கிக்கொள்வது கூலிக்காரர்களுக்கு உண்டான பாத்தியம். நான் ஒரு வாரம் இடுப்பொடியக் குனிந்து பொறுக்கிய காயைக் கொடுத்து எண்ணெய் வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். மனுஷன் பூட்ஸோடு வந்து நின்றார். கறுப்பு நிறம், கணுக்கால் உயரம், முன்பக்கம் வெடித்துப் போயிருந்தது. எண்ணெய் எங்கே என்றேன். அடுத்த வாரம் என்றார். அன்றைக்கு நான் பேசியதை எழுத நாலாம் வகுப்புப் படிப்பு போதாது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குவியலின் முன்னால் குந்திவிடுவார். பூட்ஸின் நாக்கைத் தூக்கிப் பார்ப்பார், உள்ளே கைவிட்டுத் தடவுவார், முகர்ந்துகூடப் பார்ப்பார். பிறகு அதைப் போட்டிருந்தவனுக்கு ஜாதகம் கணிப்பார். குதிகாலில் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தால் அவன் தொந்திக்காரன். மூக்கு மட்டும் தேய்ந்திருந்தால் மண்டியிட்டு ஜெபம் பண்ணுகிற பாதிரி. அடித்தோல் புதிதாகவே இருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத அதிகாரி. பாய்க்கு இதில் நல்ல பொழுதுபோக்கு. ஒருதரம் புத்தம் புதிது போல, லேஸ் இல்லாத ஒரு பம்ப் ஷூவை எடுத்து வைத்திருந்து, பாதி விலைக்குத் தருகிறேன் என்றாராம். இவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. லேஸ் போட்டுக் கட்டுகிற பூட்ஸ்தான் வேண்டும், மற்றது இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஏன் என்று கேட்டால் சிரிப்பார். கொஞ்ச நாளில் விழுப்புரத்திலும் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பழைய துணிக் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கிருந்து இரண்டு ஜோடி வந்தது. சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தபோது இன்னும் நாலு ஜோடி. எலி கடிக்காமல் இருக்க, லேஸால் முடிச்சுப் போட்டுக் கூரை உத்திரத்தில் தொங்கவிட்டிருந்தார். தலைமுடிக்கு இல்லாத விளக்கெண்ணெய் பூட்ஸுக்குப் போயிற்று. மழையில் கூரை ஒழுகினால் முதலில் பூட்ஸை நகர்த்துவார், அப்புறம் கேப்பைப் பானையை, அப்புறம்தான் நான்.

போட்டுக்கொள்வாரா என்றால், அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு ஜோடியைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு தெருவைத் தாண்டுவார். ரோட்டுக்கு வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்து லேஸ் கட்டுவார். மைல்கல் வரைக்கும் நடப்பார், திரும்புவார், கழற்றித் துடைத்துப் பையில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இதுதான் அவருக்கு வேலை. சேரியில் அவருக்குப் பூட்ஸ் துரை என்று பேர் வைத்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

நாற்பத்தாறாம் வருஷம் எங்கள் மகள் இருதயமேரிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை ராயப்பன், விழுப்புரம் லோகோ ஷெட்டில் கிளீனர் வேலை. நல்ல பையன், குடி கிடையாது. பரிசம் போட வந்த அன்றைக்கு அவனுடைய அப்பா முத்துசாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பையன் கோட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவான். விழுப்புரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் எதிரிலேயே அப்படி நடக்கிறவன். உங்கள் ஊர்த்தெருவில் கழற்றச் சொன்னார்களானால் நாங்கள் அங்கிருந்தே திரும்பிவிடுவோம், கொல்லை வரப்பு வழியாகக் கல்யாணம் போவதும் எங்களுக்குச் சரிப்படாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் பயமாக இருந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய பண்ணைக்காரர் செத்துப்போய் அவர் மகன் விருத்தாசலம் இப்போது பண்ணை பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு வேலை அவர் நிலத்தில், குடிசை அவர் மனையில். இதற்கெல்லாம் சட்டம் வந்தாயிற்று, தடுத்தால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று எங்கள் கோயில் சாமியார் தைரியம் சொன்னார். கோர்ட்டுக்குப் போவதென்றாலும் அந்தத் தெருவைத் தாண்டித்தானே போக வேண்டும். நிச்சயம் ஆன பெண்ணை நடுத்தெருவில் விட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் திரும்பிவிட்டால் அவள் கதி என்ன என்று நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். அவர் மட்டும் உத்திரத்திலிருந்து பூட்ஸை ஒவ்வொன்றாக இறக்கி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் மயிலம் ஸ்டேஷனில் இறங்கி, ரயில் பாதையோரமாகவே சேரிக்கு நடந்து வந்தார்கள். மாப்பிள்ளை காலில் பளபளவென்று பம்ப் ஷூ. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்:

"இது ஆவாதுங்க மாப்ளே. ஒரு அதட்டு போட்டா கால் தானா வெளிய வந்துடும். லேசு கட்டுனது அப்டி வராது. அவுக்கணும்னா உக்காரணும். ஆண்டை எதிர்ல நம்ம ஆளு உக்காரக் கூடாதே. கழட்டுன்னு சொன்னா உக்காருன்னும் சேத்து சொல்லணும்."

பன்னிரண்டு வருஷமாக என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கேட்டபோதே சொல்லித் தொலைத்திருந்தால் நானும் கொஞ்சம் குறைத்துத் திட்டியிருப்பேன்.

காலையில் அவர் எல்லோருக்கும் பூட்ஸ் கொடுத்தார். மாப்பிள்ளையையும் சேர்த்துப் பத்து ஆண்கள், தனக்கு ஒரு ஜோடி, பதினொன்று சரியாக இருந்தது. பெரிதாக இருந்ததற்குள் கந்தல் துணி அடைத்தோம். சின்னதாக இருந்ததைப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்கள். ஒருவர் இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடந்தார். கிளம்புகிற நேரத்தில் காலை ரயிலில் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் அக்கா புருஷன் வந்து சேர்ந்தார். காலில் சாதாரணச் செருப்பு. சம்பந்தி வீட்டில் மரியாதை பார்க்கிற ஆள், விட்டுவிட்டுப் போக முடியாது. என் வீட்டுக்காரர் தன் காலில் கட்டியிருந்ததை அவிழ்த்து அவரிடம் கொடுத்துவிட்டார்.

தெருவில் விருத்தாசலம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நாலைந்து பேர். அவர் கையைத் தூக்கியதும் எங்கள் ஊர்வலம் நின்றது. கழற்றிவிட்டு நடங்கள் என்றார், சத்தம்கூடப் போடவில்லை. முத்துசாமி மகனுடைய கையைப் பிடித்ததைப் பார்த்தேன். திரும்பிவிடப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

என் வீட்டுக்காரர் விருத்தாசலத்தின் முன்னால் போய்க் கைகட்டி நின்றார்.

"கழட்டச் சொல்றேன் ஆண்டே. எல்லாம் லேசு போட்டது, நின்னுக்கினு அவுக்க வராது. பதினோரு பேரையும் இங்கியே உக்காரச் சொல்லட்டுங்களா?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பதினோரு சேரி ஆட்கள் அவர் வாசலில் சாவகாசமாக உட்கார்ந்து லேஸ் அவிழ்ப்பார்கள், அவர் அது முடியும்வரை நின்றுகொண்டிருப்பார். விருத்தாசலம் யோசித்தார். பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். கடைசியில் அவர் பார்வை கீழே இறங்கி என் வீட்டுக்காரருடைய வெறுங்காலில் நின்றது. முகம் தெளிந்துவிட்டது.

"சவுரி ஒருத்தனாவது மரியாதை தெரிஞ்சவனா இருக்கான். அவன் மூஞ்சிக்காக விடறேன், போங்க."

போனோம். கோயில் மணி அடித்தது, தாலி ஏறியது, நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். சம்பந்தி வீட்டார் அவருடைய சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முத்துசாமி கட்டிப்பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பந்தியில் இலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. மகளைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து மாப்பிள்ளை வீட்டார் கையோடு கொண்டுவந்திருந்த அவரவர் செருப்பையும் ஷூவையும் போட்டுக்கொண்டு வண்டியில் திண்டிவனம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். பூட்ஸெல்லாம் திரும்பி வந்தது. மகள் போன வண்டி கண்ணுக்கு மறைந்ததும் நான் எல்லாவற்றையும் சாக்கில் போட்டேன். எண்ணிப் பார்த்தால் பத்துதான் இருந்தது. அவர் கோயில் படியில் உட்கார்ந்து பதினோராவது ஜோடியின் லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். முப்பத்துநாலில் வாங்கிய அதே கறுப்புப் பூட்ஸ். புளியமரத்தடிக்கா என்றேன். வீட்டுக்கு என்றார்.

மகள் நல்லபடியாகப் போய்விட்டாள், இனிமேல் எதற்கு இந்தப் பேஜாரு என்று கெஞ்சினேன். அவர் எழுந்து நடந்தார். சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். பட்டப்பகல், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தெருவில் அவர் பூட்ஸ் சத்தம் மட்டும்தான் கேட்டது. விருத்தாசலம் சாப்பிட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். இவர் அப்படியே கடந்து போயிருக்கலாம். கடந்து போகவில்லை. நேர் எதிரே போய் நின்றார். கை கட்டவில்லை. ஆண்டே என்றும் சொல்லவில்லை.

"காலையில நான் வெறுங்கால்ல வந்தது மரியாதைக்கு இல்லீங்கய்யா. எனக்கு மட்டும் பூட்ஸ் பத்தல. அவ்ளோதான். அத சொல்லிட்டுப் போலாம்னு நின்னேன்."

விருத்தாசலம் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார். இவர் திரும்பி, வந்த வேகத்திலேயே தெருமுனை வரைக்கும் நடந்தார். குதிகாலில் தோல் உரிந்திருந்ததை வீட்டுக்கு வந்து கழற்றும்போதுதான் பார்த்தேன்.

அந்த வாரமே நிலத்தில் இறங்க வேண்டாம் என்று ஆள் வந்தது. அடுத்த வாரம் மனையைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஆடி பிறப்பதற்குள் விழுப்புரத்துக்குக் குடி போனோம். அவர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார், நான் ரயில்வே வீடுகளில் பாத்திரம் தேய்த்தேன். கஷ்டம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்த மனுஷனை நான் எதற்கெல்லாமோ திட்டியிருக்கிறேன், இன்றைக்கும் திட்டுகிறேன். அந்தத் தெருவில் அவர் நின்று சொன்ன அந்த நாலு வார்த்தைக்காக ஒருநாளும் திட்டியதில்லை.